டீக்கடையில் கேட்ட பொருளாதாரத்தைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

"நூறு நாள் வேலை வந்ததிலிருந்துதான் நடவுக்கு ஆள் கிடைக்காமல் போச்சு." நீடாமங்கலத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வரைக்கும் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்தில் இது காதில் விழும். சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர் வயலுக்கு ஆள் வராதது உண்மை. அதற்குக் காரணம் இதுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் "கண்ணால பாக்குறோமே" என்பார். பக்கத்தில் இருப்பவர், "பொருளாதாரம் என்ன இயற்பியலா, ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், நமக்கு எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்க வேண்டியதுதான்" என்று பேச்சை முடித்துவிடுவார். முதல் ஆள் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டாவது ஆள் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சோதிக்கவே முடியாது என்று விட்டுவிட்டால், நம்ம கூலியையும் நெல் விலையையும் பற்றி யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் சொல்வதுதான் உண்மை என்று ஆகிவிடும்.

நான் இளங்கலையில் வேதியியல் படித்துவிட்டு முதுகலைக்குப் பொருளாதாரத்துக்குப் போனவன். லேபில் பியூரெட் என்ற அளவுக் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டுக் குடுவையை ஆட்டிக்கொண்டே இருப்போம், ஒரே ஒரு சொட்டில் கரைசல் இளஞ்சிவப்பாகிவிடும், வகுப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஏறக்குறைய அதே அளவில்தான் நிறம் மாறும், மாறாவிட்டால் தப்பு நம் கையில். பொருளாதார வகுப்பில் அந்த ஒரு சொட்டைத் தேடித் தேடி ஏமாந்தேன். சோதிக்கும் வழி இங்கேயும் இருக்கிறது, அது வேறு மாதிரி இருக்கிறது என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதை நம்ம ஊர் விஷயங்களை வைத்தே சொல்கிறேன்.

கூற்றைப் பிடிபடும்படி மாற்றுங்கள்

எட்மண்ட் ஹாலி என்ற வானியலாளர் 1705இல் ஒரு வால்மீனைப் பற்றிக் கணக்குப் போட்டு, அது 1758இல் திரும்ப வரும் என்றார். 1742இல் இறந்துவிட்டார். 1758 டிசம்பரில் அது வந்தது. வந்திருக்காவிட்டால் அவர் கணக்கு தப்பு என்று யாரும் சொல்லியிருக்கலாம், அதுதான் அந்தக் கணக்கின் பலம். வானியலில் யாரும் வால்மீனை லேபில் வைத்து ஓட்டிப் பார்ப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். 'பொருளாதாரத்தில் பரிசோதனை செய்ய முடியாது, அதனால் அது அறிவியல் இல்லை' என்று சொல்பவர்கள் இதே காரணத்துக்காக வானியலையும் நிலவியலையும் வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

'விவசாயம் நலிஞ்சு போச்சு' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எது நடந்தால் இது பொய் ஆகும்? எதுவுமே இல்லை. நல்ல விளைச்சல் வந்தால் 'விலை இல்லை', விலை வந்தால் 'விளைச்சல் இல்லை'. இந்த மாதிரி வாக்கியத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், வேறு வடிவத்துக்கு மாற்றுங்கள். எந்த ஊர், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எந்த வேலை, யார் செய்யும் வேலை. நூறு நாள் வேலைக் கூற்றை நான் இப்படி மாற்றுவேன்: அது உண்மையானால், திட்டம் முன்னால் வந்த மாவட்டத்தில் கூலி முன்னால் ஏற வேண்டும், அந்த வேலை நடக்கும் மாதங்களில் ஆள் தட்டுப்பாடு கூட வேண்டும், அதற்கு அதிகம் போகிறவர்கள் பெண்கள், அதனால் பெண்கள் செய்யும் நடவிலும் களையெடுப்பிலும் பாதிப்பு கூடுதலாகவும், ஆண்கள் செய்யும் வரப்பு வெட்டு, உர மூட்டை தூக்குவது போன்றவற்றில் குறைவாகவும் தெரிய வேண்டும். மூன்றும் இல்லையென்றால் கூற்று விழுந்தது. இதை ஒரு தாளில் எழுதிய பிறகுதான் அடுத்த வேலை. எழுதாமல் தேட ஆரம்பித்தால் கிடைப்பதையெல்லாம் சாதகமாகப் படித்துவிடுவோம், எனக்கே நடந்திருக்கிறது.

எதை எண்ணியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டியதும் ஈரப்பதம் பார்ப்பார்கள். ஒரு பிடி நெல்லை மெஷினில் போட்டு அழுத்தினால் எண் வரும், 17 சதவீதத்துக்கு மேல் போனால் காயவைத்துக் கொண்டு வா என்பார்கள். மெஷின் தப்பு என்று சந்தேகம் வந்தால் தீர்க்க வழி உண்டு: அதே நெல்லை எடை போட்டு, அடுப்பில் முழுக்கக் காயவைத்து, மறுபடி எடை போடலாம். மெஷினுக்கு வெளியே ஒரு நடுவர் இருக்கிறார். இயற்கை அறிவியலுக்கு இருக்கும் பெரிய வசதி இது.

'வேலையில்லாதவர் எத்தனை சதவீதம்' என்பதற்கு அப்படி ஒரு நடுவர் கிடையாது. யாரை வேலையில் இருப்பவர் என்று எண்ணுவது என்பதை மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். நம் நாட்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பில் வழக்கமான நிலை என்று ஒரு அளவு உண்டு, அதில் ஒருவர் வருடத்தில் 30 நாள் ஏதாவது வேலை செய்திருந்தாலே துணை வேலை என்ற கணக்கில் வேலையில் இருப்பவராகிவிடுவார். சொந்த வயலில் கூலி வாங்காமல் கூடமாட வேலை செய்யும் வீட்டுப் பெண்ணும் அதில் வருவார். இதில் ஏமாற்று எதுவுமில்லை, வரையறை அச்சிட்டே இருக்கிறது. ஆனால் தாளடி அறுவடையோடு வேலை முடிந்துபோன ஒரு அண்ணன் தன்னை வேலையில்லாதவர் என்றுதான் சொல்வார், கணக்கு அப்படிச் சொல்லாது. ஆகவே ஒரு புள்ளிவிவரத்தைக் கேட்டதும் நம்பவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம், வரையறையைத் தேடிப் படியுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

வயலைப் பிரிப்பதுபோலப் பிரியுங்கள்

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அப்பா ஒரு குறுவைக்கு மடைப் பக்கம் மூன்று மாவில் (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு) ஆடுதுறை 43 என்ற புது நெல் விதையையும், கோடியில் மூன்று மாவில் ஆடுதுறை 36 என்ற பழைய விதையையும் நட்டார். மடைப் பக்கம் மாவுக்கு இரண்டு மூட்டை கூடுதலாக வந்தது, புது விதைதான் உசத்தி என்று ஊரெல்லாம் சொன்னார். மறு வருடம் இடத்தை மாற்றி நட்டார், இப்போது பழைய விதை இரண்டு மூட்டை கூடுதல். மடை திறந்ததும் தண்ணீர் முதலில் பாயும் இடம், வண்டல் படியும் இடம், உரம் கரைந்து நிற்கும் இடம் எல்லாம் அந்த முதல் மூன்று மாதான். இரண்டு வருடமும் ஜெயித்தது மடை, விதை இல்லை. மூன்றாவது வருடம் வயலைக் குறுக்காகப் பட்டை பட்டையாகப் பிரித்து, எந்தப் பட்டையில் எந்த விதை என்பதைக் காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்தார். மடைக்கு அருகில் இரண்டு விதையும் வந்தது, கோடியிலும் இரண்டும் வந்தது. அப்போதுதான் விதையின் வித்தியாசம் தனியாகத் தெரிந்தது.

இந்தக் காசு சுண்டும் யோசனையை முறைப்படுத்தியவர் ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியலாளர். 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, உரச் சோதனைகளின் பழைய கணக்குகளைப் பார்க்கும்போது மண் வித்தியாசத்தை எப்படி விலக்குவது என்று யோசித்து வந்து சேர்ந்த முறை இது. நம் பக்கத்தில் 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனால் இந்த மாதிரிச் சோதனைப் பாத்திகளை நேரிலேயே பார்க்கலாம். வயலில் பிறந்த இதே முறையைத்தான் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களிலும் மருந்தகங்களிலும் செய்து பார்த்ததற்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019இல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்த முறைக்கு வயல்தான் தாய்வீடு என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

இனி எந்த ஒப்பீட்டைக் கேட்டாலும் மனதில் கேட்க வேண்டியது: இதில் மடை எங்கே இருக்கிறது? 1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் ஏழு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் தஞ்சாவூர் ஒன்று. விளைச்சல் கூடியது. திட்டத்தால் கூடியதா? தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்ததே இங்கே உறுதியான பாசனம் இருக்கிறது என்பதற்காகத்தான். தஞ்சாவூரையும் ராமநாதபுரத்தையும் பக்கத்தில் வைத்துத் திட்டத்தின் பலன் இவ்வளவு என்று யாராவது சொன்னால், அவர் தலைமடையையும் கடைமடையையும் ஒப்பிடுகிறார்.

தானாக நடந்த சோதனைகளைத் தேடுங்கள்

ஆதார விலையைக் காசு சுண்டிப் போட்டு ஒரு ஊருக்குக் கொடுத்து இன்னொரு ஊருக்கு மறுக்க முடியாது. ஆனால் அரசாங்கம் ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னாலும் ஒன்றைச் செய்யும்போது ஒரு சோதனை தானாக அமைந்துவிடுகிறது. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05க்கு உயர்த்தினார்கள், ஒட்டியிருக்கும் பென்சில்வேனியாவில் உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இரண்டு பக்கத்து ஃபாஸ்ட் ஃபுட் கடைகளையும் உயர்வுக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்தார்கள். கூலி ஏறினால் வேலை குறையும் என்று பாடப் புத்தகம் சொன்னது, அவர்கள் கண்ட கணக்கில் குறையவில்லை. பெரிய சண்டை நடந்தது, அதே தரவை மற்றவர்கள் தோண்டித் துருவினார்கள். நடக்க வேண்டியது அதுதான்.

நம்ம கூற்றுக்கும் இப்படி ஒரு இடம் கிடைக்கிறது. நூறு நாள் வேலை, அதாவது தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம், 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கியது, தமிழ்நாட்டில் அந்த முதல் பட்டியலில் நாகப்பட்டினம் இருந்தது (மயிலாடுதுறை அப்போது அதற்குள்தான்). தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் 2007இல்தான் வந்தது. ஒரே ஆறு, ஒரே பயிர், ஒரு வருட இடைவெளி. நாகையில் நடவுக் கூலி அந்த இடைவெளியில் எவ்வளவு ஏறியது, திருவாரூரில் எவ்வளவு ஏறியது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று பாருங்கள். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: நாகையில் 50 ரூபாய் 70 ஆனது, திருவாரூரில் 60 ரூபாய் 75 ஆனது என்று வைத்துக்கொண்டால், 20இல் 15ஐக் கழித்து மீதி 5. அந்த 15 எப்படியும் ஏறியிருக்கும், 5தான் திட்டத்தின் கணக்கில் எழுத வேண்டியது. முழு 20ஐயும் திட்டத்தின் தலையில் கட்டுவதுதான் டீக்கடையில் நடக்கிறது.

ஆனால் இங்கேயும் மடை இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது, நாகை அளவுக்கு அடிவாங்கிய மாவட்டம் தமிழ்நாட்டில் வேறு இல்லை. அடுத்த சில வருடங்கள் அங்கே வீடு கட்டும் வேலை ஓடிக்கொண்டே இருந்தது, சித்தாள் வேலைக்குப் போன பெண்கள் நடவுக்கு வந்திருக்க மாட்டார்கள். கூலி ஏறியது நூறு நாள் வேலையாலா, சுனாமிக்குப் பிந்தைய கட்டுமானத்தாலா? பிரிக்க ஒரே வழி, கடற்கரை ஒன்றியங்களை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் குத்தாலம், மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்களை மட்டும் எடுத்து, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர்களோடு ஒப்பிடுவது. அதோடு மாதத்தையும் பாருங்கள். நாடு முழுக்க இதே முறையில் செய்து 2015இல் வெளியான க்ளெமென்ட் இம்பெர், ஜான் பாப் ஆய்வில், கூலி மேல் திட்டத்தின் தாக்கம் விவசாய வேலை குறைவாக இருக்கும் வறண்ட மாதங்களில்தான் குவிந்திருந்தது. நம் சம்பா நடவோ ஆவணி, புரட்டாசியில் நடக்கிறது, அது வயல் வேலை குறைந்த மாதம் இல்லை. என் கணிப்பைக் கேட்டால், கூலி உயர்ந்ததில் திட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு, உயர்ந்ததும் நல்லதுதான். ஆனால் புரட்டாசியில் ஆள் வராததற்கு அதை மட்டும் சொல்வது தப்பு. திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போன பிள்ளைகள், படிக்கப் போன பெண்கள், நடவு மெஷின் வந்ததும் கலைந்துபோன நடவுக் கூட்டங்கள் எல்லாவற்றையும் எண்ணியாக வேண்டும்.

புயலுக்குக் காது கிடையாது, விலைக்கு உண்டு

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. வானிலை மையம் முன்கூட்டியே சொன்னது, ஜனங்கள் முகாமுக்குப் போனார்கள், எத்தனையோ உயிர் தப்பியது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகள் விழுந்தே தீர்ந்தன. எச்சரிக்கையைக் கேட்டுப் புயல் தன் பாதையை மாற்றவில்லை.

இப்போது தை மாதத்தில், 'இந்த வருடம் உளுந்து விலை உச்சத்துக்குப் போகும்' என்று எல்லோரும் நம்பும் ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால் நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிப்பது நம் வழக்கம், எல்லோரும் தெளிப்பார்கள், பங்குனி, சித்திரையில் சந்தை நிரம்பும், விலை இறங்கும். சொன்னதாலேயே சொன்னது பொய்த்துப் போகிறது. பொருளாதாரத்துக்கும் இயற்கை அறிவியலுக்கும் நடுவில் இருக்கும் ஆழமான வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். லேப் இல்லாததும் கணிதம் போதாததும் இதற்கு அடுத்துத்தான்.

பில் ஃபிலிப்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர், எஞ்சினியராக இருந்து பொருளாதாரத்துக்கு வந்தவர், 1949இல் லண்டனில் ஒரு மெஷின் செய்து காட்டினார். கண்ணாடித் தொட்டிகள், குழாய்கள், மதகுகள், உள்ளே வண்ணத் தண்ணீர்: வருமானம் ஓடுகிறது, ஒரு கிளை சேமிப்புக்கு, ஒரு கிளை வரிக்கு, ஒரு கிளை இறக்குமதிக்கு. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது உடனே புரியும். இதே ஃபிலிப்ஸ் 1958இல், இங்கிலாந்தில் கிட்டத்தட்ட நூறு வருடத்துக் கணக்கை வைத்து, வேலையின்மை குறைந்தால் கூலி வேகமாக ஏறுகிறது என்று ஒரு வளைகோடு வரைந்தார். கொஞ்சம் விலைவாசியைப் பொறுத்துக்கொண்டால் வேலையின்மையைக் குறைத்துவிடலாம் என்று அரசுகள் அதை மதகு மாதிரி திருப்பப் பார்த்தன. 1970களில் விலைவாசியும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறின. விலை ஏறப் போகிறது என்று தெரிந்த தொழிலாளி அதற்கும் சேர்த்துக் கூலி கேட்பான் இல்லையா? தொட்டியில் இருக்கும் தண்ணீர் அப்படி யோசிக்காது.

ஆகவே எந்தக் கணிப்பைக் கேட்டாலும், இதை யார் யார் கேட்பார்கள், கேட்டு என்ன செய்வார்கள் என்று ஒரு படி கூடுதலாகப் போங்கள். அதற்காக எல்லாவற்றையும் ஊர்க்காரர் தலையில் போடவும் கூடாது. 2022 கோடையில் பருத்தி குவிண்டால் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது, மறு வருடம் விலை இறங்கி நிறையப் பேர் நொந்துபோனார்கள். 'எல்லாரும் பருத்தி போட்டீங்க, அதான்' என்றார்கள். உலகச் சந்தையிலும் அதே வருடங்களில்தான் பருத்தி உச்சத்துக்குப் போய் இறங்கியது. திருவாரூர் விவசாயி கூடுதலாக நாலு ஏக்கர் போட்டு உலக விலையை இறக்க முடியாது. காரணம் ஊருக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்க்க, அதே பொருளின் விலை வேறு மாநிலத்தில், வேறு நாட்டில் என்ன ஆனது என்று போனிலேயே தேடலாம், கால் மணி நேர வேலை.

இவ்வளவு சொன்னதால் பொருளாதாரத்தில் எதுவுமே நிற்காது என்று நினைக்க வேண்டாம். எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857இல் சொன்னது, வருமானம் ஏற ஏறச் செலவில் சாப்பாட்டின் பங்கு குறையும் என்பது, நாடு நாடாகப் பார்த்தும் நிற்கிறது. இந்தியக் கிராமங்களில் அந்தப் பங்கு 2011-12இல் சுமார் 53 சதவீதம், 2022-23இல் சுமார் 46. இன்னொன்று, விலை நகர முடியாத இடத்தில் வேறு ஏதாவது நகரும். கொள்முதல் விலை எல்லா நிலையத்திலும் ஒன்றுதான், அதனால் நெல் குவியும்போது விலை இறங்காது, வரிசை நீளும். சாலையோரத்தில் தார்ப்பாய் போர்த்திக் காத்திருக்கும் நாட்கள்தான் அங்கே விலை. உங்கள் ஊர் நிலையத்தில் எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று பத்துப் பேரிடம் கேட்டு எழுதினாலே நல்ல ஆய்வு ஆகிவிடும்.

நோட்டு ஒன்று வாங்குங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வீடு வீடாகக் கேட்டு எழுதவைத்தார். அதில் ஒன்று நம்ம டெல்டாவின் பாலக்குறிச்சி. அதே ஊரை 1930களில் மறுபடி எழுதினார்கள், 2019இல்கூட ஆய்வாளர்கள் போய்க் கணக்கெடுத்தார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு மாணவர் பொறுமையாக எழுதிவைத்ததால்தான் இன்று ஒப்பிட முடிகிறது.

நாற்பது பக்க நோட்டு போதும். மேட்டூர் திறக்கும் ஜூன் 12 அன்று ஆரம்பியுங்கள், அந்த வருடம் தள்ளித் திறந்தால் திறக்கும் அன்று. இடது பக்கத்தில் தேதி போட்டு உங்கள் கணிப்பு: நடவுக் கூலி இவ்வளவு இருக்கும், காரணம் இது, இது நடந்தால் நான் சொன்னது தப்பு. வலது பக்கத்தைக் காலியாக விடுங்கள், அறுவடை முடிந்ததும் நடந்ததை எழுதுவதற்கு. இடது பக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் திருத்தக் கூடாது, பென்சிலும் வேண்டாம், பேனாவிலேயே எழுதுங்கள். போன சம்பாவுக்கு என் நோட்டில் ஆறு கணிப்பு இருந்தது. இரண்டு சரி, மூன்று தப்பு. ஒன்று சரியா தப்பா என்றே சொல்ல முடியாத மாதிரி எழுதியிருந்தேன், அதை இந்தக் குறுவைக்கு மாற்றி எழுதியிருக்கிறேன்.